கயித்து நுனியில ஒரு முடிச்சு

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 24 வயசு, சொந்த ஊர் மதுரை, பெங்களூர்ல வேலை பாக்குறேன். எட்டு மாசமா ஒரு இன்டோர் க்ளைம்பிங் ஜிம்முக்குப் போறேன். போன மாசம் ஜிம்ல எல்லாரும் சேர்ந்து 'ஃப்ரீ சோலோ' படம் பாத்தோம், ஒருத்தர் கயிறே இல்லாம பெரிய பாறைய ஏறுற டாக்குமென்டரி, முடிஞ்சதும் ஒரே சண்டை. ஒரு சீனியர் பாதியிலயே எழுந்து போயிட்டாரு. இன்னொருத்தர் அழுதுட்டாரு, மனுஷன் செஞ்சதுலயே பெரிய சாதனை இதான்னாரு. ரெண்டு பேரு எந்தக் காலை எங்க வெச்சான்னு மட்டும் பேசிட்டிருந்தாங்க. கொஞ்சப் பசங்க படத்துல வர்ற அவரோட கேர்ள்ஃப்ரெண்டைத் திட்டி சிரிச்சாங்க, எனக்கு அது புடிக்கல. இதுல யாரு சொல்றது சரி? எங்கம்மாவும் ஓடிடியில பாத்துட்டு இனி க்ளைம்பிங்கே போகக்கூடாதுன்னு ஒரே பிடிவாதம். இன்னொன்னு, யார்கிட்டயும் சொல்லல. படம் பாத்த அடுத்த வாரம் பெங்களூர் பக்கத்துல ராமநகராவுல ஈசியான ஒரு பாறையில கயிறு இல்லாம ஏறினேன், 8 மீட்டர் இருக்கும். நல்லாத்தான் இருந்துச்சு, எறங்கும்போது கால் நடுங்கிடுச்சு. அப்படித் தோணுனதே தப்பா?

பதில்:

தங்கச்சி, லெட்டர மூணு தடவ படிச்சேன். யாரு சரின்னு கேட்டதுக்கு அப்புறம் வரேன், ராமநகரா விஷயத்த மொதல்ல பேசிடுவோம், ஏன்னா நீங்க அத கடைசியில ரெண்டே வரியில சொல்லிட்டு நகந்துட்டீங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணுனது அந்த ரெண்டு வரிதான்.

8 மீட்டர்னா ரெண்டு மாடி வீட்டு மொட்டமாடி உயரம். அங்கேருந்து வழுக்குனா தரைக்கு வர ஒன்னேகால் செகண்ட் சொச்சம்தான் ஆகும், தரையத் தொடும்போது வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், கீழ புல்லு கூட கிடையாது, ராமநகராவுல எல்லாம் கருங்கல்லு. கால் நடுங்குனது ஏறும்போது இல்ல எறங்கும்போதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்குக் காரணம் இருக்கு. ஏறும்போது அடுத்த பிடி கண்ணு மட்டத்துல இருக்கும், பாத்துப் பாத்துப் போகலாம். எறங்கும்போது கால் வெக்கிற இடம் நம்ம உடம்புக்கே மறைஞ்சிடும், தடவித் தடவித்தான் வைக்கணும். அதனால ஈசின்னு நெனச்சு ஏறுன பாறை எறங்கும்போது வேற பாறையாயிடுது. ஏறத் தெரிஞ்சு எறங்கத் தெரியாம நடுவுல மாட்டிக்கிட்டவங்கள நானே கயிறு போட்டு எறக்கியிருக்கேன், அந்த நேரத்துல அவங்க மொகத்த பாத்திருந்தா நீங்க அன்னைக்கு ஷூவையே மாட்டியிருக்க மாட்டீங்க. எட்டு மாச அனுபவத்துல கயிறு இல்லாம ஏறாதீங்க. இதுல நான் வளைஞ்சு நெளிஞ்சு பேச விரும்பல.

தோணுனது தப்பான்னு கேட்டீங்க. தப்பே கிடையாது. அந்தப் படத்த பாத்துட்டு கை துறுதுறுன்னு வராத க்ளைம்பர நான் இன்னும் பாக்கல. 2019ல நான் பாத்தப்போ எனக்கு 11 வருஷ அனுபவம், நாலு வருஷமா சொல்லிக் கொடுத்துட்டும் இருந்தேன், எனக்கே மறுநாள் காலையில ஏதாவது பாறைப் பக்கம் தனியா போகணும்னு இருந்துச்சு. ஆசைய வெச்சு என்ன பண்றோம்ங்கிறதுதான் விஷயம், அதுக்கு அந்தப் படத்துக்குள்ளயே பதில் இருக்கு, ஆனா அது சினிமாவா பாக்கும்போது கண்ணுல படாத இடத்துல இருக்கு.

அந்தப் படத்துல ஏறுறவரு அலெக்ஸ் ஹானல்ட், 2017 ஜூன் 3 அன்னைக்கு கலிஃபோர்னியாவுல யோசமிட்டியில எல் கேப்பிட்டன் (சுருக்கமா எல் கேப்) பாறைய ஃப்ரீரைடர்ங்கிற ரூட் வழியா கயிறில்லாம தன்னந்தனியா ஏறுனாரு. 900 மீட்டர் உயரம், 3 மணி 56 நிமிஷம். படம் மொத்தம் 100 நிமிஷம், அதுல அந்த ஏற்றம் கடைசியில ஒரு 20 நிமிஷம்தான் வரும். மீதி பூரா கயித்துல தொங்கிட்டு ஒவ்வொரு காலடியையும் மனப்பாடம் பண்றாரு, நோட்டுல எழுதுறாரு, படுத்துக்கிட்டே அந்த அசைவ திரும்பத் திரும்ப மனசுல ஓட்டிப் பாக்குறாரு. இதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 2008ல இதே யோசமிட்டியில ஹாஃப் டோம்ங்கிற பாறைய கயிறு இல்லாம ஏறுனாரு, அதுக்கு பெருசா பயிற்சி எடுக்கல, மேல நெருங்கும்போது ஒரு இடத்துல பயந்து அப்படியே நின்னுட்டாரு. ஏறி முடிச்சும் மனசுக்குத் திருப்தியில்ல, அதிர்ஷ்டத்துல தப்பிச்சோம்னுதான் இருந்துச்சுன்னு பின்னாடி மேடையில நின்னு பேசியிருக்காரு. எல் கேப்ப அப்படி ஏறக்கூடாதுன்னுதான் அந்த மனப்பாடம் எல்லாம். நீங்க ராமநகராவுல பண்ணது ஹாஃப் டோம் கணக்குல வரும் மா, எல் கேப் கணக்குல வராது.

இன்னொரு இடமும் இருக்கு, ரொம்ப பேரு மறந்துடறாங்க. 2016 கடைசியில ஹானல்ட் ஒரு தடவ இருட்டோட ஹெட்லாம்ப் போட்டு ஏற ஆரம்பிச்சு ஃப்ரீபிளாஸ்ட்ங்கிற பகுதியில நின்னுட்டு திரும்பி வந்துட்டாரு. அது சாய்வான வழுக்குப் பாறை, விரல் மாட்ட ஒன்னும் கிடையாது, ஷூ ரப்பர் ஒட்டும்னு நம்பி எடைய போடணும். பெங்களூர் பக்கத்துல சவன்துர்காவுல இந்த மாதிரி சாய்வுப் பாறை, ஸ்லாப்னு சொல்லுவோம், ஏறியிருந்தா சட்டுன்னு புரியும், கை பலம் அங்க உதவாது, வழுக்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கையும் கிடைக்காது. அதே பகுதியில கயித்தோட பயிற்சி பண்ணும்போது விழுந்து கணுக்கால்ல அடியும் பட்டிருந்துச்சு. கேமராகாரங்க எல்லாம் அங்கங்க தொங்கிட்டிருக்காங்க, இத்தனை பேரு காத்திட்டிருக்கும்போது இன்னைக்கு சரியில்லன்னு திரும்பினாரு பாருங்க. உங்க ஜிம்ல அந்த சீனுக்கு யாராவது கை தட்டினாங்களா? எங்க ஆளுங்களும் தட்டல. அவரு பண்ணதுல நம்மள மாதிரி ஆளுங்க அப்படியே காப்பி அடிக்கலாம்னு நான் ஒன்ன சொல்லணும்னா அந்தத் திரும்பி வந்ததத்தான் சொல்லுவேன்.

இப்ப உங்க ஜிம் சண்டைக்கு வரேன். எந்தக் காலை எங்க வெச்சான்னு பேசிட்டிருந்த ரெண்டு பேரு இருக்காங்களே, வெளியேருந்து பாத்தா கல்நெஞ்சக்காரங்க மாதிரி இருக்கும், ஒருத்தன் சாகக் கெடக்குறான் இவங்க காலப் பத்திப் பேசுறாங்கன்னு தோணும். க்ளைம்பர்ஸ் பாதிப் பேரு அந்தப் படத்த அப்படித்தான் பாத்தாங்க. பௌல்டர் ப்ராப்ளம்னு பேரு வெச்ச ஒரு இடம், தரையிலேருந்து அறுநூறு மீட்டருக்கு மேல இருக்கு, விரல் நுனி அளவு பிடி, அதுலயும் கட்டைவிரல அழுத்தி, அடுத்த கட்டைவிரலுக்கு மாத்தி, அப்புறம் இடது கால கராத்தே உதை மாதிரி பக்கத்துச் சுவத்துக்கு வீசணும், இல்லன்னா ரெண்டு கையையும் விட்டுட்டு தாவிப் பிடிக்கணும். ஹானல்ட் உதையத் தேர்ந்தெடுத்தாரு. அது ஏன்னு எங்க ஊர் டீக்கடையில உக்காந்து ஒரு மணி நேரம் நாங்க பேசியிருக்கோம், தாவுனா கையும் காலும் ஒரு நொடி பாறைய விட்டுப் போயிடும், உதையில குறைஞ்சது ஏதாவது ஒன்னு ஒட்டிட்டிருக்கும்னு. அப்படிப் பேசறது எங்களுக்கு பயத்த கையில எடுத்துப் பாக்குற வழி. அது மரியாதைக் குறைவு கிடையாது.

அவங்களுக்குப் படத்து மேல ஒரு மனக்குறையும் உண்டு, ரூட்ட இன்னும் காட்டியிருக்கலாம், காதல் கதைக்கு இவ்வளவு நேரம் எதுக்குன்னு. எனக்கு அதுல உடன்பாடில்ல. அந்தக் காதல் இல்லன்னா கீழ நிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்ங்கிறது படத்துல வந்தே இருக்காது. மூளைய ஸ்கேன் பண்ற சீன் மேல இருக்குற குறையில எனக்கு முழு உடன்பாடு. பயத்த கவனிக்கிற பகுதி அவருக்கு சாதாரணமா வேலை செய்யலங்கிற மாதிரி காட்டிட்டுப் போயிடறாங்க, மிஷினுக்குள்ள படுத்து போட்டோ பாக்குறதும் பாறையில நிக்கிறதும் ஒன்னா? பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பழகிப் பழகித்தான் பயம் கொறைஞ்சுதுன்னு அவரே பல இடத்துல சொல்லியிருக்காரு. பொறவியிலேயே பயம் கெடையாதுன்னு நெனச்சா அந்த உழைப்பு பூரா அழிஞ்சு போயிடும், நமக்கும் கத்துக்க ஒன்னும் மிஞ்சாது.

அழுதவரு சொன்னதும் எனக்குப் புரியுது. பாறையில அதுக்கு மேல ஒன்னு எனக்குத் தோணல. அவரு கண்ணு கலங்குனதுக்கு வெட்கப்படத் தேவையில்லன்னு சொல்லுங்க.

பாதியில எழுந்து போனவரப் பத்தி. படம் எடுத்தவங்கள்ல ஒருத்தரான ஜிம்மி சின் தானே பெரிய மலையேறி. கேமரா பிடிச்சவங்க எல்லாருமே ஹானல்டோட பழகுன க்ளைம்பர்ஸ். நாம படம் எடுக்குறதாலயே அவன் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு அவங்க படத்துலயே பேசிக்குறாங்க, பௌல்டர் ப்ராப்ளம் பக்கத்துல ஆளே நிக்காம ரிமோட் கேமரா வெச்சாங்க, என்னைக்கு ஏறப் போறன்னு அவருகிட்ட யாரும் கேட்டு நெருக்கவும் இல்ல. மைக்கி ஷேஃபர்னு ஒருத்தரு கீழேருந்து பெரிய லென்ஸ் வெச்சு எடுத்திட்டிருக்காரு, முக்கியமான நேரத்துல பாக்க முடியாம மொகத்த திருப்பிக்குறாரு, கேமரா ஓடுது, மனுஷன் வேற பக்கம் பாக்குறாரு. உங்க சீனியர் பண்ணதும் அதான். யோசமிட்டியிலேயே இருந்து, அதே பாறைய ஏறி, அதே நண்பனுக்காக வேலை பாத்தவராலயே முடியல. ஹானல்டோட நண்பர், பெரிய க்ளைம்பர் டாமி கால்ட்வெல் பயிற்சிக்கு கூடவே ஏறினாரு, அவரு மொகத்துலயும் அந்தக் கலக்கம் தெரியும். இவங்க யாரும் ஹானல்டுக்கு எதிரி கிடையாதே.

ஒரு விஷயத்துல மட்டும் படத்தோட தொனி சரியில்லன்னு விவரம் தெரிஞ்ச க்ளைம்பர்ஸ் சொல்றாங்க, நானும் சொல்லுவேன். இந்த மாதிரி ஏறுனவங்க எல்லாரும் செத்துட்டாங்கங்கிற எண்ணம் படம் பாத்தா வந்துடும். 2009ல ஜான் பேக்கர் கயிறில்லாம ஏறும்போது விழுந்துதான் இறந்தாரு, அது உண்மை. 2015ல டீன் பாட்டர் இறந்தது விங்சூட்ல, அதாவது றெக்கை மாதிரி உடுப்பு மாட்டிக்கிட்டு, பறக்கும்போது. 1987லயே ஆஸ்ட்ரோமேன், ராஸ்ட்ரம்னு ரெண்டு பெரிய ரூட்ட ஒரே நாள்ல கயிறில்லாம முடிச்ச பீட்டர் க்ராஃப்ட் அந்தப் படத்துலயே உக்காந்து பேசுறாரு, தலை நரைச்சு, நல்லா சிரிச்ச மொகமா. இத நீங்க சோலோ ஏறலாம்னு சொல்றதுக்காக எழுதல. உங்கம்மா படத்த பாத்து என்ன கணக்கு போட்டிருப்பாங்கன்னு நீங்க புரிஞ்சுக்கத்தான் எழுதுறேன்.

அடுத்து அந்தப் பொண்ணு, ஹானல்டோட கேர்ள்ஃப்ரெண்ட் சானி. இத எழுதத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அந்த சீன் ஞாபகம் இருக்கும், சானி ஹானல்ட கயித்துல கீழ எறக்குறாங்க, கயிறு நீளம் பத்தல, நுனி பிலே கருவிய, அதாவது கீழ நிக்கிறவங்க கயித்த பிடிக்கிற கருவிய, விட்டு உருவிக்கிட்டுப் போயிடுது, அவரு கீழ விழுந்து முதுகெலும்புல அடி. அத வெச்சுத்தான் உங்க ஜிம் பசங்க சிரிச்சிருப்பாங்க. உலகம் பூரா அந்தப் பொண்ணு மேல அப்படித்தான் ஏறி மிதிச்சாங்க. நுனியில ஒரு முடிச்சு இருந்திருந்தா அது கருவியில வந்து முட்டி நின்னிருக்கும். அந்த முடிச்ச பாக்க வேண்டியது ரெண்டு பேரும், சரியா சொன்னா அதுல யாருக்கு அனுபவம் ஜாஸ்தியோ அவரு மொதல்ல. எல் கேப்ப கயிறில்லாம ஏறுற அளவுக்கு எல்லாத்தையும் கணக்குப் பண்ற மனுஷன் ஒரு சாதாரண ரூட்ல அத பாக்கல.

13 வருஷத்துக்கு முன்னாடி பாதாமியில நான் இதையே பண்ணேன். ரூட்டு 27 மீட்டர். கயிறு 60 மீட்டர்னு நெனச்சிட்டிருந்தோம், நுனி நைஞ்சு போனதால அதுக்கு முந்தின சீசன்ல ரெண்டு பக்கமும் வெட்டியிருந்தோம், 50 மீட்டர்தான் மிச்சம், அது எனக்கு மறந்தே போச்சு. சாயங்காலம், கடைசி ரூட்டு, குரங்குக்கு பயந்து பையெல்லாம் கட்டியாச்சு, நான் பேசிக்கிட்டே என் பார்ட்னர எறக்குறேன், திடீர்னு கை லேசாயிடுச்சு. அந்த லேசான உணர்வ இன்னும் என் உள்ளங்கை மறக்கல. மூணு மீட்டர்தான் விழுந்தாரு, குதிகால் எலும்பு ஒடஞ்சு ஏழு மாசம் நடக்கல. மூணு மீட்டருக்கே ஏழு மாசம். அவரு இப்பவும் என் நண்பர்தான், ஒரு தடவ கூட என்ன சொல்லிக் காட்டுனதில்ல, அதுவே எனக்கு பாரம். அதனால 2019ல படம் பாக்கும்போது எல் கேப் சீன்ல எல்லாருக்கும் கை வேர்த்துச்சு, நான் அதுக்கு ரொம்ப முன்னாடியே சானி சீன்லயே எழுந்து வெளிய போயிட்டேன். உங்க சீனியரும் எந்த சீன்ல எழுந்தாருன்னு ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. கேக்கணும்னா தனியா, ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு கேளுங்க. சொல்லலன்னா விட்டுடுங்க.

யாரு சரின்னு கேட்டீங்களே, அவங்கவங்க பாறையில எத இழந்தாங்களோ அத திரையில பாத்திருக்காங்க. சிரிச்ச பசங்க மட்டும்தான் இன்னும் எதையும் பாக்கல. உங்களுக்கு அது புடிக்கலன்னு எழுதியிருந்தீங்க, அப்பவே எனக்கு உங்க மேல நம்பிக்க வந்துடுச்சு. அடுத்த தடவ சிரிச்சா, டேய் உன் கயித்து நுனியில முடிச்சு இருக்கான்னு கேளுங்க.

அம்மா விஷயம். அவங்க மேல கோவப்படாதீங்க. மக க்ளைம்பிங் போறான்னு தெரியும், அது எப்படி இருக்கும்னு அவங்க பாத்த மொத படம் இது, அதுல ஒருத்தன் கயிறே இல்லாம தொங்குறான், அவங்க வேற என்ன நெனப்பாங்க? இதுல பேரு வேற குழப்பம். ஃப்ரீ க்ளைம்பிங்னா கயிறு உண்டு, விழுந்தா அது பிடிக்கும், மேல ஏற மட்டும் அத பிடிச்சு இழுக்கக் கூடாது, கையும் காலும்தான். ஃப்ரீ சோலோன்னா கயிறே கெடையாது. ரெண்டுலயும் 'ஃப்ரீ' இருக்குறதால படிச்சவங்களே குழம்புறாங்க, 2015ல கால்ட்வெல்லும் கெவின் ஜார்ஜஸனும் இதே எல் கேப்ல டான் வால்ங்கிற ரூட்ட ஏறுனப்போ அவங்க கயிறில்லாம ஏறுறாங்கன்னே நெறைய பேரு நெனச்சாங்க.

அதனால அம்மாவோட உக்காந்து 'த டான் வால்' பாருங்க. அதுவும் முழு நீளப் படம்தான். கால்ட்வெல்லுக்கு இடது கையில ஆள்காட்டி விரல் கெடையாது, 2001ல ரம்பத்துல போயிடுச்சு. அந்தக் கையோட 19 நாள் பாறையிலேயே தூங்கி, சாப்ட்டு, 2015 ஜனவரி 14 அன்னைக்கு ரெண்டு பேரும் மேல போய்ச் சேர்ந்தாங்க. ஜார்ஜஸன் 15வது பிட்ச்ல (பிட்ச்னா ரூட்ல ஒரு கயிறு நீளப் பகுதி) மாட்டிக்கிட்டு நாள் கணக்குல விழுந்துக்கிட்டே இருப்பாரு, விரல் தோலெல்லாம் கிழிஞ்சு. ஒவ்வொரு தடவையும் கயிறு பிடிக்கும். முன்னாடி போயிட்ட கால்ட்வெல் அவனுக்காகக் காத்திருப்பாரு, தனியா முடிக்க மாட்டேன்னு. நான் பேசிப் பாத்த க்ளைம்பர்ஸ்ல முக்காவாசிப் பேரு ரெண்டுல இதத்தான் மனசுக்கு நெருக்கமான படம்னு சொல்லுவாங்க, நானும் அந்தக் கட்சிதான், ஏன்னா நம்ம வாழ்க்கையில க்ளைம்பிங் இப்படித்தான் இருக்கு, விழறது, தொங்கறது, கூட இருக்கறவன் காத்திருக்கறது. யாரோ பெத்த புள்ளைங்க விழுறத நூறு தடவ பாத்து நூறு தடவையும் கயிறு பிடிக்கிறத அம்மா ஒரே ராத்திரியில பாத்துடுவாங்க.

'தி ஆல்பினிஸ்ட்' மட்டும் இப்ப வேண்டாம். அருமையான படம், மார்க்-ஆந்த்ரே லெக்லேர் கேமராவ விட்டுட்டு சொல்லாம கொள்ளாம தனியா மலைக்குப் போயிடுவாரு, படக்குழு கூட வந்தா அப்புறம் அது எப்படி சோலோன்னு. க்ளைம்பர்ஸ் அத கொண்டாடுனாங்க. ஆனா 2018ல அலாஸ்காவுல அவரு காணாமப் போனதுல முடியுது, அவங்கம்மா பேசுற இடம் வரும். உங்கம்மா அத இப்ப பாக்க வேண்டாம்.

படம் பாத்த அப்புறம் அவங்கள ஒரு தடவ பெங்களூருக்குக் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம காலையில சீக்கிரம் ஜிம்முக்குப் போயிடுங்க, பத்து மணிக்கு மேல கூட்டம் வந்துடும், பாட்டு சத்தம் வேற. கயிறு மேலேருந்தே தொங்குற டாப் ரோப் சுவத்துல, நீங்க பல தடவ ஏறுன ஈசியான ரூட்டப் புடிங்க. இடுப்புல கட்டுற ஹார்னஸ அம்மா முன்னாடி மாட்டுங்க, ஃபிகர் எய்ட் முடிச்ச அவங்க கண்ணு முன்னாடி போடுங்க, அவங்கள இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, கயித்தோட அடுத்த நுனியிலயும் ஒரு ஸ்டாப்பர் முடிச்சு போட்டு இது எதுக்குன்னு சொல்லுங்க. ஜிம் ஆளு ஒருத்தர பிலேக்கு நிக்கச் சொல்லுங்க, அம்மா அவருக்குப் பின்னாடி நின்னு தொங்குற கயித்த பிடிச்சுக்கட்டும், அத பேக்கப்னு சொல்லுவோம், முடியுமான்னு முன்கூட்டியே ஜிம்ல கேட்டுக்குங்க. மூணு மீட்டர் ஏறுனதும் அவங்ககிட்ட சொல்லிட்டு கைய விடுங்க.

ராமநகரா விஷயத்தையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க, கயிறு அவங்க கையில இருந்த அன்னைக்கு சாயங்காலம், வீட்டுக்கு வந்து சாப்ட்ட அப்புறம். அப்புறம் எனக்கு எழுதுங்க, திட்டுனாங்களா, அழுதாங்களா, என்ன சொன்னாங்கன்னு.